வாய்க்கு ஒரு வாய்தா

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், ஐப்பசித் தூறல் ஓட்டின்மேல் சிணுங்கிக்கொண்டிருந்தபோது, நான் ஒரு மகத்தான தீர்மானம் செய்தேன். பொழுது சாயும்வரை வாய் திறப்பதில்லை. மௌன விரதம்!

பக்தி காரணமில்லை, பயம்தான். என் மனைவி சௌந்திரம் பிறந்தது பரமத்தி வேலூரில். அங்கே எனக்கு மூன்று மச்சான்கள். போன தீபாவளிக்கு மூவரும் சேர்ந்து என் தலையில் எண்ணெய் தேய்த்தார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் மண்வெட்டி பிடித்த கைகள்! தேய்த்த தேய்ப்பில் என் முடி பாதி காவேரியோடு போயிற்று. மிச்சப் பாதியையாவது காப்பாற்ற வேண்டாமா? வேலூர்ப் பேச்சை சௌந்திரம் எடுப்பாள். பதில் சொன்னால் தோற்பேன். பதிலே சொல்லாவிட்டால்? நான் நாமக்கல்லில் வக்கீல் குமாஸ்தா. ஊரார் வழக்குக்கெல்லாம் வாய்தா வாங்குகிறவன், அன்று என் வாய்க்கே வாய்தா வாங்கினேன்.

ஏழு வயது மகள் மாரக்காளின் சிலேட்டில் விஷயத்தை எழுதி நீட்டினேன்.

"பேசவே மாட்டீங்களா? ரொம்ப நல்லதுங்க" என்றாள் சௌந்திரம். அவளுடைய சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் இடியாப்பம் மாதிரிப் பிழிந்த சந்தவையும் தேங்காய்ப்பாலும். தட்டு காலியானதும், இன்னும் வேண்டுமென்று கையை ஆட்டினேன்.

"போதுமுங்களா? சரி. மாரக்கா, உங்கப்பாவுக்குப் போதுமாமா. மிச்சத்த நீ தின்னு கண்ணு."

'எனக்கு, எனக்கு' என்று நெஞ்சைக் குத்திக் காட்டினேன்.

"நெஞ்சைக் கரிக்குதுங்களா? மோரு தாரேன், குடிங்க."

மாரக்காள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. சிலேட்டைத் தேடினேன். அதில் ஒரு யானை நின்றது. அழிக்கப் போனால் அழுவேன் என்றாள். மோரைக் குடித்தேன்.

பத்து மணிக்கு வாசலில் ஒரு குரல். "மாப்ளே!"

மூத்த மச்சான்! பேர்தான் சின்னண்ணன். தோளில் ஒரு வாழைத்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, வாங்கன்னு ஒரு வார்த்தையக் காணோம்?"

"அவரு விரதமுங்கண்ணா. நீங்க கேளுங்க, ஜாடையில சொல்லுவாரு" என்றாள் சௌந்திரம்.

"தீபாவளிக்கு வேலூர் வாரீங்கதானே?"

தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினேன்.

"அடேங்கப்பா, எத்தனை ஆசையா ஆட்டறாரு பாரு!"

விட்டுவிடுங்கள் என்று இரண்டு கையையும் கூப்பினேன்.

"கும்புடு எதுக்குங்க மாப்ளே? கூப்புடறது எங்க கடமை."

முடி போயிற்று என்று மண்டையைத் தொட்டு, கையை அகல விரித்துக் காட்டினேன்.

"போன வருசம் எண்ணெ பத்தலையாமாங்கண்ணா."

"அவ்வளவுதானே! இந்த வருசம் செங்கோடனையும் சேத்துக்கறோம்."

செங்கோடனை எனக்குத் தெரியும். மிரண்டோடிய எருமையைக் கொம்பைப் பிடித்து நிறுத்தினவன். என் விரதம் அந்த இடத்திலேயே உடைந்தது.

"வரமாட்டேன்!" என்று கத்தினேன். "இந்தத் தீபாவளி எங்க ஊட்டுலதான்! வேணுமுன்னா நீங்க எல்லாரும் இங்க வாங்க! நான் இந்த எடத்தை உட்டு அசையமாட்டேன்!"

மச்சான் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் முகம் பூவாக மலர்ந்தது. சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"கேட்டீங்களாண்ணா? அவரே கூப்புட்டுட்டாரு!"

"என்ன நடக்குது இங்கே?" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்க. அங்க ஊட்டுக்கு ஓடு மாத்தறாங்க. தீபாவளிக்கு இங்க வரட்டுமான்னு கேட்டு எழுதியிருந்தாங்க. மருமகன் வாயால கூப்புடாம வரமாட்டேன்னு அம்மாவுக்கு ரோசம். நேராக் கேட்டா நீங்க ஒத்துக்குவீங்களா? அண்ணன் வேலூருக்குக் கூப்புட்டா, நீங்க இங்க வாங்கன்னு எதிர்வாதம் பண்ணுவீங்கன்னுதான் அவர வரச் சொல்லி எழுதுனேன். நீங்க என்னடான்னா விரதமுன்னு உக்காந்துட்டீங்க. பேச வைக்கறதுக்குள்ள பெரும்பாடாப் போச்சு!"

மச்சான் வாழைத்தாரை இறக்கி வைத்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"அப்ப, தெருமொனையில நிக்கற மூணு வண்டியையும் வரச் சொல்லட்டுங்களா மாப்ளே?"