பட்ட மரத்தை நட்டவன்

சுத்தம் சோறு போடும் என்பார்கள். என் விஷயத்தில் அது ஒரு நல்ல மனிதரின் சோற்றில் மண்ணைப் போடப் பார்த்தது. அந்த மண்ணை அள்ளிப் போட்டவன் நான்தான், அதுவும் ஜேசிபி வைத்து.

திருப்பத்தூரிலிருந்து வேலைக்காக பெங்களூர் வந்து, ஆனேக்கல் போகும் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறிய புதிது. ஏரி பார்த்த வீடு என்று சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். உண்மைதான், குளியலறை ஜன்னலில் ஏரி தெரியும். (ஸ்டூல் போட்டு ஏறினால்.)

அந்த ஏரியில் மீன் பிடிப்பவர் வெங்கடேஷ் அண்ணன். வாரத்தில் ஆறு நாள் மீன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனிதர்கள். கேமராவோடு வருபவர்களைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு, துடுப்புச் சத்தம்கூடக் கேட்காமல் கோரைப் பக்கமாகக் கொண்டுபோய்ப் பறவைகளைக் காட்டுவார். மீன் குறைந்துகொண்டே வந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைப் பரிசல்தான் அவர் வீட்டு அடுப்பை எரிய வைத்துக்கொண்டிருந்தது.

அதற்கும் ஆபத்து வந்தது. ஏரியில் மோட்டார் படகு விட வேண்டும், சுற்றிலும் சிமெண்ட் பாதை, கலர் லைட், தின்பண்டக் கடைகள் என்று யாரோ ஒரு திட்டம் கொடுத்திருந்தார்கள். அது வந்தால் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அண்ணன் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். எங்கள் குடியிருப்பில் சரளா அக்கா என்று ஒருவர், வங்கியில் வேலை, ஏரிக் குழுவை நடத்துபவர். ஏரியை இப்படியே விடுங்கள், நடந்து பார்க்கட்டும், பரிசலில் பார்க்கட்டும், அதுவும் சுற்றுலாதான் என்று மனுமேல் மனுவாகப் போட்டார். கடைசியில் சுற்றுலாத் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வருவதாகச் சொன்னார். பறவைகள் நிஜமாகவே இருந்தால் அக்காவின் திட்டம், இல்லாவிட்டால் மோட்டார் படகு.

எனக்குக் கொடுத்த வேலை மிகச் சின்னது.

"சனிக்கிழமை கரையில இருக்கற கவர், பாட்டில் மட்டும் பொறுக்கிடுங்க தினேஷ். தண்ணிப் பக்கம் போகவே வேணாம்" என்றார் அக்கா.

கேட்டேன். தலையைக்கூட ஆட்டினேன். ஆனால் நான் மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். வெள்ளிக்கிழமை மாலை ஏரியை ஒரு சுற்று சுற்றியதில் குறையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. தலை வாராத பிள்ளை மாதிரி கோரை. தண்ணீருக்கு நடுவே பட்டுப்போன ஒரு கருவேல மரம், அதன்மேல் வெள்ளை வெள்ளையாக எச்சம். எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டுக்கு வெள்ளையடித்து, கால் உடைந்த நாற்காலியைப் பின்கட்டில் ஒளித்து வைத்துவிட்டுத்தான் வாசலுக்கே வருவோம். அதிகாரி வருகிற இடத்தில் பட்ட மரமா? எனக்கே மானம் போகிற மாதிரி இருந்தது.

என் மனைவி கவிதா அந்தச் சனிக்கிழமை பரணைச் சுத்தம் செய்து தரச் சொல்லியிருந்தாள். இந்தப் பூமியே நம் வீடு, பரண் அதில் ஒரு சின்ன மூலை என்று அவளுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டுக் கிளம்பினேன். (இதை அவள் வார்த்தை மாறாமல் இன்றும் திருப்பிச் சொல்வாள்.)

அலுவலகத்திலிருந்து நாற்பது பேரைப் பச்சை டீ-ஷர்ட் போட்டு அழைத்து வந்திருந்தேன். கரைக் குப்பை ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. நாற்பது பேரும் அடுத்தது என்ன என்று என் முகத்தைப் பார்த்தார்கள். சரளா அக்கா வங்கியில் இருந்தார். வெங்கடேஷ் அண்ணன் அத்திபெலேயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். தடுக்க ஆளில்லை. பக்கத்து மனையில் ஒரு ஜேசிபி சும்மா நின்றது. ஓட்டுநரும் நல்ல மனிதர், ஏரிக்கு என்றதும் மறுபேச்சில்லாமல் வந்துவிட்டார். மதியத்துக்குள் கோரை முழுவதும் வழித்தாகிவிட்டது. கருவேல மரம் வேரோடு வந்தது. இஞ்சின் சத்தத்தில் பறவைகள் கூட்டமாக எழும்பி ஏரியை இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் போயின. நன்றி சொல்லிவிட்டுப் போகின்றன என்று நான் எல்லோருக்கும் விளக்கினேன்.

முன்பு, பின்பு என்று எடுத்திருந்த இரண்டு படத்தை ஏரிக் குழுவின் வாட்ஸப்பில் போட்டேன். இரண்டாவது படத்தில் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நானும் நின்றேன். "நாளைக்குப் பேசிக்கலாம்" என்று மட்டும் அக்கா பதில் போட்டிருந்தார். நேரில் பாராட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் நான் போனபோது வெங்கடேஷ் அண்ணன் கரையில் நின்றிருந்தார். தோள் துண்டைக் கையில் எடுத்து, மரம் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் பக்கத்தில் நின்றிருந்தார். பேச நேரமில்லை, அதிகாரி வந்துவிட்டார். நால்வரும் பரிசலில் ஏறினோம்.

ஏரி துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பறவை இல்லை. ஒரே ஒரு காக்கா வந்தது, அதுவும் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அரைச் சுற்று முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. என்ன செய்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எதிர்க்கரையில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. "கொக்கு மேடம்" என்று கத்தாத குறையாகச் சொன்னேன். ஏன் அசையவே இல்லை என்று அவர் கன்னடத்தில் கேட்டார். அதுதான் அதன் குணம், மீனுக்காக மணிக்கணக்கில் நிற்கும் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன். பரிசல் நெருங்கியது. அது தெர்மாகோல் பெட்டியின் மூடி. நாற்பது பேர் தேடித் தேடிப் பொறுக்கியும் தப்பிய ஒரே குப்பை.

"இன்னிக்குப் பனி ஜாஸ்தி மேடம். கொஞ்சம் லேட்டா வரும்" என்றார் வெங்கடேஷ் அண்ணன்.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். பிழைப்பே போகிற நேரத்திலும் என் மானத்தை மறைக்கப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். கன்னடம் தீர்ந்த இடத்தில் தமிழ், தமிழும் தடுமாறிய இடத்தில் அக்கா மொழிபெயர்த்தார். அத்தாட்சிக்குப் போனை நீட்டினேன்.

அதிகாரி முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கிளைக்குக் கிளை நீர்க்காகம். உச்சியில் சிறகை விரித்து வெயில் காயும் பாம்புத்தாரா. கோரை ஓரமாகக் குஞ்சுகளோடு ஒரு தாழைக்கோழி. எல்லாம் நான் எடுத்த படத்தில் இருந்தன, எடுத்தபோது ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பிறகு இரண்டாவது படத்துக்குத் தள்ளினார். கட்டைவிரலோடு நிற்பது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

வெகுநேரம் சிரிப்பை அடக்கப் பார்த்தவர், கடைசியில் சிரித்தேவிட்டார். பறவைகள் இருந்ததற்கு முதல் படமே சாட்சி, மனிதர்கள் கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டாவது சாட்சி என்றார். மழைக்காலம் முடியும்வரை பொறுப்பதாகவும், பறவைகள் திரும்பி வந்தால் மோட்டார் படகு வராது என்றும் சொன்னார். வராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட்டே போனார்.

கரையேறியதும் வெங்கடேஷ் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பர்வால்ல சார்" என்றவர், "மரத்த எங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

மரம் ஜேசிபி நின்ற அந்த மனையில் விறகாகக் காத்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அதே நாற்பது பேர், அதே டீ-ஷர்ட், அதே ஜேசிபி. (அழிப்பதற்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை, இதை நான் நன்றியோடு சொல்ல வேண்டும்.) வெங்கடேஷ் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, இன்னும் ஸ்வல்பம் சாய்க்கச் சொன்னார், பாம்புத்தாராவுக்கு அந்தக் கிளைதான் வேண்டுமாம். பட்ட மரத்தைக் குழி தோண்டி நட்டோம். பக்கத்து ஏரியிலிருந்து கோரைக் கிழங்கு கொண்டுவந்து சேற்றில் கையால் ஊன்றினோம். என் ஒரு செருப்பு இன்னும் அந்தச் சேற்றில்தான் இருக்கிறது.

அதன்பிறகு தினமும் காலையில் குளியலறை ஸ்டூலில் ஏறி நிற்பது என் வழக்கமாயிற்று. வெளியே கவிதா கதவைத் தட்டிக்கொண்டிருப்பாள். கோரை முளைத்தது, வளர்ந்தது. மரம் மட்டும் மொட்டையாகவே நின்றது. மழை ஓய்ந்த ஒரு காலையில் உச்சிக் கிளையில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. தெர்மாகோல் அனுபவத்தால் நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது சிறகை விரித்தது. நான் போட்ட சத்தத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்த கவிதாவும் அதே ஸ்டூலில் ஏறிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

மோட்டார் படகு வரவில்லை. வெங்கடேஷ் அண்ணனிடம் இப்போது மூன்று பரிசல் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பரண் மட்டும் அப்படியேதான் கிடக்கிறது. நான் துடைப்பத்தைத் தொட்டாலே, அங்கே பல்லி குடித்தனம் நடத்தலாம், முதலில் அக்காவைக் கேளுங்கள் என்று கவிதா பிடுங்கி வைத்துவிடுகிறாள்.

பரிசலில் வருபவர்களுக்கு அண்ணன் அந்த மரத்தைக் காட்டி, "இது தினேஷ் சார் நட்ட மரம்" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். கூட உட்கார்ந்திருக்கும் என்னை எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். போன வாரம் ஓர் அம்மா மட்டும் மனசு கேட்காமல், "பாவம், ஆசையா நட்டிருக்கீங்க, பட்டுப்போச்சே" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா, "இல்லைங்க, நடும்போதே அப்படித்தான் நட்டாரு" என்றாள்.