ஆறு வால்வும் ஒரு கொடிக்கயிறும்

"எங்க போயி விழுந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"எங்க பாக்குறது? விர்ருன்னு பறந்துச்சு, அவ்ளோதான்" என்றார் ராஜவேல். குரலில் வருத்தம் என்பது மருந்துக்கும் இல்லை.

பறந்தது வால்வு லாக். வால்வின் தலையில் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் துணுக்கு இரும்பு. பாதிப் பட்டாணி அளவுகூட இருக்காது. அது இல்லாமல் ஸ்பிரிங் நிற்காது, ஸ்பிரிங் நிற்காமல் கார் ஓடாது. மாலை ஐந்து மணிக்குள் புகையில்லாமல் கார் ஓடாவிட்டால், செந்தமிழ்ச்செல்விக்குக் காரே கிடையாது.

பேச்சு அப்படி. லாஸ்பேட்டை அரசுக் குடியிருப்பில் அந்தப் பழைய சின்னக் கார் ஒரு மாதமாக நீலப் புகையாய்க் கக்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நீலப் பொகையா? வால்வு சீல் போயிடுச்சு. ஆயிலு உள்ள எறங்கி எரியுது. எஞ்சினக் கழட்டணும், பத்து நாள் ஆவும்."

"அளவுகோல் வெச்சுப் பாத்தேன், ஆயிலு ஒரு சொட்டுகூட கொறையலியேங்க?"

"போவப்போவ கொறையும்மா."

ராஜவேலுக்கு அது போதும். அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டார். "வித்துடலாம் செல்வி. ஆளு பாத்துட்டேன், ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு வந்து எடுத்துக்கிறாராம். நமக்கு ஸ்கூட்டர் போதும். நான் ஓட்டுறேன், நீ பின்னால ஒக்காந்துக்க."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் வினையே. ஒன்பது வருஷமாக அந்தக் காரை ஓட்டுகிறவள் அவள். தினமும் அவரை அவர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுத்தான் தன் ஆபீசுக்குப் போவாள். அவர் ஓட்டியது ஒரே ஒரு நாள். ஏர்போர்ட் ரோட்டில் நேராகக் கரும்பு ஜூஸ் கடைக்குள் விட்டார், அதோடு சரி. அதற்குப் பிறகு பக்கத்து சீட்டுதான். பெட்ரோல் பங்கில் மட்டும் வீறாப்பாக இறங்கி, மீட்டரைப் பார்த்து, போடுகிற பெண்ணிடம் நாலு வார்த்தை அதிகாரமாகப் பேசிவிட்டு வருவார். பாவம், அதாவது அவருக்கு இருக்கட்டும் என்று செல்வியும் விட்டிருந்தாள்.

"என் வண்டிய நானே சரி பண்றேன்" என்றாள். "ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்குப் பொகை வந்தா வித்துக்குங்க. வரலன்னா, விக்கிற பேச்ச இனிமே எடுக்கவே கூடாது."

"நீயா? வால்வு சீல் மாத்தப் போறியா?" என்று கேட்டுவிட்டு ராஜவேல் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாது.

ஆறு சீல், ஆறு புது ஸ்பிரிங் வாங்கினாள். ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தாள். எஞ்சினைக் கழற்றவே வேண்டாமாம். பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றினால், கயிறு மெத்தை மாதிரி வால்வைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ளே விழாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கயிற்றுக்காகத் துணிக்கொடியை அறுத்தாள். கொடியில் ராஜவேலின் வெள்ளைச் சட்டைகள் நான்கு இருந்தன. நான்கும் மண்ணில்.

"ஏய், நாளைக்கு ஆபீசுக்கு நான் என்னாத்தப் போட்டுனு போவறது?"

"பனியனோட போங்க. ஸ்கூட்டர்ல காத்தோட்டமா இருக்கும்."

இரண்டாவது வால்விலேயே லாக் பறந்துவிட்டது. குனிந்து தேடினாள், நிமிர்ந்து தேடினாள், கடைசியில் பார்வை பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனது. அங்கே பாயில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்துப்போய் வடகத்தின்மேல் தடவினாள்.

"யாரும்மா அது, வடகத்துக்கு மந்திரிக்கிறது?" என்று வெளியே வந்தார் பக்கத்து வீட்டுக் கலியமூர்த்தி.

"லாக்கு விழுந்துடுச்சுண்ணே."

"என்னா பாடும்மா இது! என் பழைய ஸ்கூட்டரு பெட்ரோலோட ஆயில் கலந்து ஓடுற வண்டி, அது பொகையுதுன்னா நாயம் இருக்கு. காருக்கு என்னா கேடு?"

காந்தத்தில் டிக்கென்று லாக் ஒட்டியது. கூடவே ஒரு வடகமும் வந்தது. வடகத்தைத் திருப்பிக் கொடுத்தாள், கலியமூர்த்தி வாங்கிக்கொள்ளவில்லை.

பழைய ஸ்பிரிங்கையும் புதியதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். பழையது கொஞ்சம் குட்டை. "பாருங்க, சோந்து போயி கெடக்குது!" என்று தூக்கிக் காட்டினாள். ராஜவேல் அப்போதுதான் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். இவள் முடித்தே விடுவாள் போலிருக்கிறதே!

"நான் வேணா ஒத்தாச பண்ணட்டா?" என்றவர், ஸ்பானரை வாங்கி எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினார். பிஸ்டன் கீழே போய், மறுபடி ஏறி, உள்ளே கிடந்த கயிற்றைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. இன்னும் இழுத்தால் நூல் நூலாகப் பிரிந்தது.

"அடடா" என்றார் ராஜவேல். "அந்தாளுக்குப் போன் போட்டு, இருக்கறபடியே வந்து எடுத்துக்கச் சொல்லிடட்டா?"

"போன கீழ வைங்க. ஸ்பானரையும் கீழ வைங்க. நீங்க அந்த நாற்காலில ஒக்காருங்க. எழுந்தீங்கன்னா அடுத்த வால்வு உங்களுக்குத்தான்."

எஞ்சினை எதிர்ப்பக்கமாக இம்மி இம்மியாகச் சுற்றினாள். கயிறு வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. மத்தியானச் சோறு இல்லை, நெற்றியெல்லாம் கிரீஸ். நாலரை மணிக்கு ஆறாவது வால்வின் லாக்கும் உட்கார்ந்தது. மூடியை மூடினாள், பிளக்கை மாட்டினாள், சாவியைத் திருப்பினாள்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் எடுத்தது. சத்தம் அவ்வளவு அருமை! கலியமூர்த்தியே கை தட்டினார்.

பின்னால் குபீரென்று கிளம்பியது நீலப் புகை.

"உன்னால முடிஞ்சத நீ செஞ்சுட்ட செல்வி" என்றார் ராஜவேல். இத்தனை கருணையாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

செல்வி போனில் மணி பார்த்தாள். "அஞ்சு மணிக்கு இன்னும் இருவது நிமிசம் இருக்கு. பழைய ஆயிலு கொழாய்ல ஒட்டியிருக்கும், நல்லா ஓட்டுனா எரிஞ்சிடும். முள்ளு செகப்புல நிக்குது, பங்குக்குப் போயிட்டு அப்பிடியே ஒரு ரவுண்டு அடிக்கிறேன்."

"பங்குக்கா?" ராஜவேல் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். "விக்கிற வண்டிக்கு எதுக்கு பெட்ரோலு? நான் வேணா கேன்ல வாங்கியாறேனே!"

அவள் கியரைப் போட்டுவிட்டாள். ஓடிவந்து ஏறிக்கொண்டார். வழியெல்லாம் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

பங்கில் அவர் கதவில் கை வைப்பதற்குள் செல்வி இறங்கிவிட்டாள். "இன்னிக்கி நான் பாத்துக்கறேன். ஒக்காருங்க."

"செல்வி, கையெல்லாம் கிரீஸு... அந்தப் பொண்ணு என்னா நெனைக்கும்..."

அவர் பையில் போன் அடித்தது. வாங்க வருகிற ஆள். ராஜவேல் எடுக்கவில்லை.

பெட்ரோல் போடும் சரிதா சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னிக்கி நீங்களே எறங்கிட்டீங்களாக்கா? சாரு ஒரு மாசமா சொல்ற மாதிரியே அர லிட்டரு ஸ்கூட்டர் ஆயிலும் சேத்து ஊத்திடட்டா?"