இடைவேளைக்குப் பிறகு பதினொரு பேர்

இனி தியேட்டரில் தூங்குவதில்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை சாக்ஸ் மாட்டிக்கொண்டே சபதம் செய்தேன். சபதம் என்றால் சாட்சி வேண்டும். மனைவி இருந்தாள். ஸ்க்ரூ டிரைவர் இரவல் கேட்டு வந்த எதிர்வீட்டு அக்காவும் இருந்தார்.

நான் ஒரு நாளிதழில் சினிமா விமர்சனம் எழுதுகிறவன். படம் வெளியாகிற அன்று காலை பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் தனியாகப் போட்டுக் காட்டுவார்கள். இருட்டு, குளிர்ந்த காற்று, மெத்தென்ற நாற்காலி, கூப்பிட ஆளில்லை. இவ்வளவையும் ஒரு நடுத்தர வயது மனிதனுக்குச் சும்மா கொடுத்துவிட்டு, விழித்திரு என்றால் என்ன நியாயம்? போன மாதம், படத்தில் இல்லாத ஒரு பாட்டை ‘செவிக்கு இனிமை’ என்று எழுதிவிட்டேன். பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

“இன்னொரு தடவை இப்படி நடந்தா உன் பத்தியை வேற யாருக்காவது குடுத்துடுவேன். நீ வானிலை எழுதப் போகலாம்.”

வானிலைக்குக் கீழே பெயர் போடமாட்டார்கள். என் பெயர் இருக்கிற ஒரே இடம் அந்தப் பத்தியின் அடிதான். வீட்டு வாசலில் இருப்பது மாமனார் பெயர்.

“தூங்கவே மாட்டீங்களா?” என்றாள் மனைவி.

“மாட்டேன்.”

“தூங்கிட்டா?”

“தூங்கிட்டா அந்தப் பத்தியை நீயே எழுது.”

“அக்கா, கேட்டுக்கிட்டீங்களா?”

“நல்லா காதுல விழுந்துச்சு” என்றார் எதிர்வீட்டு அக்கா. “அதே படத்துக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் மத்தியானம் போறோம், தம்பி. வந்து பேசிக்கலாம்.”

படம், பதினொரு திருடர்கள் சேர்ந்து ஒரு இரும்புப் பெட்டகத்தைக் கொள்ளையடிக்கும் கதை. ஒவ்வொருவனாக நடந்து வந்தான். ஒரு நொடி சிலையானான். பக்கத்தில் பட்டப்பெயர் வந்தது. ‘பூட்டு’ என்பவன் பூட்டுத் திறப்பான். ‘ஸ்டியரிங்’ வண்டி ஓட்டுவான். ‘மூளை’ தலைவன். மற்றவர்களில் ஒருவனுக்குத் தாடி. இன்னொருவனுக்குத் தாடி இல்லை. இதற்கு மேல் இயக்குநருக்கும் அவர்களைத் தெரியாது போலிருந்தது. அவர்களுக்கு அம்மா இல்லை, பசி இல்லை, பல்வலி இல்லை. எல்லோரும் ஒரே தையல்காரரிடம் கறுப்புக் கோட்டு தைத்திருந்தார்கள். அரை மணியில் தாடிக்காரன் தாடியை எடுத்தான். எனக்கு இருந்த ஒரே பிடிமானமும் போயிற்று.

இடைவேளையில் முகம் கழுவினேன். தேநீர் குடித்தேன். விளக்கு அணைந்ததும் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். கிள்ளியது பக்கத்து இருக்கைக்காரர் தொடை என்பது அவர் கத்தியபோது தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“சார், காலைத் தூக்குங்க” என்றது ஒரு குரல்.

துடைப்பத்துடன் ஒருவர் நின்றிருந்தார். திரை வெள்ளையாக இருந்தது. பதினொரு பேரும் போய்விட்டிருந்தார்கள். பெட்டகம் திறந்ததா என்று துடைப்பக்காரரிடம் கேட்கவா முடியும்? காலைத் தூக்கினேன்.

ஆறு மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும். சக விமர்சகர்களைக் கேட்கலாம். ஆனால் கட்டுரைக்கு முன்னால் நான் தூங்கிய விஷயம் ஆசிரியரிடம் போய்ச் சேரும். அப்போதுதான் மதியக் காட்சி ஞாபகம் வந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?

நேராகக் கேட்டால் சபதம் போயிற்று. ஆகவே கேட்கக் கூடாது. பரீட்சை வைக்க வேண்டும். கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் தெரியும் என்றுதான் உலகம் நம்புகிறது. என் திட்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் இருவரும் வந்தார்கள். மனைவி கையில் ஒரு பெரிய காகிதப் பை. அதை அலமாரிக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“படம் எப்படி?” என்றேன், நகத்தைப் பார்த்தபடி.

“நீங்கதான் பார்த்தீங்களே.”

“நான் பார்த்தேன். நீ கவனிச்சுப் பார்த்தியான்னு தெரிஞ்சுக்கணும். ரெண்டாம் பாதியில யார் உன் மனசுல நின்னா?”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“பூட்டுதான். பாவம்.”

“பாவம்தான். ஏன் பாவம்? நீயே சொல்லு.”

“காது கேக்கலையே அவனுக்கு. பூட்டோட சத்தத்தைக் கேட்டுத் திறக்கிறவன். கொஞ்சம் கொஞ்சமா காது போயிடுச்சு. கூட்டாளிங்களுக்குத் தெரிஞ்சா சேர்க்க மாட்டாங்க. அதனால எல்லார்கிட்டயும் மறைக்கிறான். பொண்டாட்டிகிட்டயும்தான்.”

“அவளுக்குத் தெரியாதா?”

“தெரியாமலா? அவன் முதுகுக்குப் பின்னால ஒரு தட்டைக் கீழ போட்டுப் பார்ப்பாளே. அவன் திரும்பவே மாட்டான். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தா. பொண்டாட்டின்னா அப்படித்தான்.”

எதிர்வீட்டு அக்காவுக்கு இருமல் வந்தது. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்தேன்.

“சரியா கவனிச்சிருக்கே” என்று ஊக்கம் கொடுத்தேன். “வண்டி ஓட்டுறவன்?”

“ஸ்டியரிங்கா? அவனுக்கு வண்டியில உக்காந்தாலே வாந்தி. தானே ஓட்டினா வராது. அதனாலதான் சின்ன வயசுலேர்ந்து ஓட்டுறான். கடைசியில போலீஸ் பிடிச்சுப் பின்சீட்டுல ஏத்துறப்போ எப்படிக் கெஞ்சினான்!”

“எப்படி?”

“‘எங்க வேணா கூட்டிக்கிட்டுப் போங்க சார், நானே ஓட்டிக்கிட்டு வரேன்’னு.”

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் இருமினார்.

“மூளை?”

“அவன் வீட்டுல கணக்குத் தணிக்கை வேலைன்னு சொல்லிட்டு வந்தவன்தானே. சாயங்காலம் ஆனா கூட்டத்தைப் பாதியில நிறுத்திட்டுப் பொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஓடுவான்.”

“கடைசிக் கேள்வி. அவங்களைக் காட்டிக் குடுத்தது யாரு?”

“பூட்டோட பொண்டாட்டி.”

நான் நகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். “ஏன்?”

“வெளியில இருக்கிற வரைக்கும் டாக்டர்கிட்ட வரமாட்டான். ஜெயில்லேயாவது காதைப் பார்ப்பாங்கன்னுதான்.”

எனக்குக் கண் கலங்கியது. இருபது வருடத்தில் ஒரு படம் என்னைக் கலங்க வைத்தது அதுதான். அதையும் நான் பார்க்கவில்லை. அறைக்குள் ஓடி எழுதினேன். ‘பதினொரு உயிர்கள்’ என்று தலைப்பு. ‘துணைப் பாத்திரம் என்று ஒருவரையும் ஒதுக்க முடியாத வார்ப்பு’ என்று முடித்தேன்.

மறுநாள் காலை மற்ற நாளிதழ்களைப் பார்த்தேன். ஒன்று ‘பதினொரு அட்டைப் பொம்மைகள்’ என்றது. இன்னொன்று ‘கோட்டுகள் நடித்திருக்கின்றன’ என்றது. போன் அடித்தது.

“யோவ், டைரக்டர் பேசினார்” என்றார் ஆசிரியர்.

“பாராட்டினாரா சார்?”

“அழுதார். சந்தோஷத்துலதான். அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார். அந்தக் காது கேக்காதவன் யாருன்னு.”

“பூட்டு சார்.”

“பூட்டு இடைவேளைக்கு அப்புறம் முதல் சீன்லேயே குண்டடி பட்டுச் செத்துட்டானாமே! பெட்டியை வெடி வச்சுத் திறக்கிறாங்களாம். பொண்டாட்டின்னு யாருக்குமே யாரும் கிடையாதாம். இந்தக் கதையை உனக்கு யார் சொன்னா?”

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீ ரெண்டாம் பாதி பார்த்தியா இல்லையா?”

“இல்லைங்க. ஆள் அடையாளமே தெரியலை. இடைவேளையிலேயே எழுந்து ரெண்டு பேரும் கடைக்குப் போயிட்டோம்.”

“அப்புறம் எதுக்குப் பொய் சொன்னே?”

“பரீட்சை வச்சது நீங்க. தப்பான பதில்னா அப்பவே சொல்லியிருக்கலாமே? நூத்துக்கு நூறு போட்டீங்க.”

“அந்தத் தட்டு, வாந்தி, தணிக்கை எல்லாம்?”

“பதினொரு பேரைப் பெத்து விட்டுட்டு ஒருத்தனுக்கும் ஒரு வீடு வாசல் குடுக்கலை அந்த டைரக்டர். பார்க்கவே சங்கடமா இருந்துச்சு. நான் குடுத்தேன்.”

“ஹலோ! ஹலோ!” என்றார் ஆசிரியர். மனைவி போனை வாங்கிக்கொண்டாள்.

“வணக்கம் சார். ஆமா, நான்தான் சொன்னேன்... இல்லீங்க, அவருக்குத் தெரியாது... நல்லாத் தூங்கியிருக்கார்... வாசகர்களா? படத்தைவிட விமர்சனம் நல்லா இருக்குன்னு சொல்றாங்களா? அப்படியா சார்!... நானா? எனக்கு என்ன சார் எழுதத் தெரியும்?... இல்ல, அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். வெள்ளிக்கிழமை காலையில சபதமே பண்ணியிருக்கார். சாட்சியும் இருக்கு.”

சாட்சி, ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் வாசலில் நின்றிருந்தது.

நான் இப்போது வானிலை எழுதுகிறேன். அதை மேகம் எழுதுகிறது, நான் படியெடுக்கிறேன். பத்தியின் அடியில் அவள் பெயர் வருகிறது. ஆசிரியர் பத்திரிகைக் காட்சிக்கு இரண்டு பாஸ் தருகிறார். ஒன்று அவளுக்கு, ஒன்று துணைக்குப் போகும் எனக்கு.

முதல் வெள்ளிக்கிழமை, தியேட்டரில் விளக்கு அணையும் நேரம். அவள் அந்தக் காகிதப் பையைத் திறந்தாள். உள்ளே இருந்தது கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணை.

“கடைக்குப் போனோம்னு சொன்னேன்ல, அன்னைக்கு வாங்கினது.”

“அன்னைக்கா? அப்போ நான் கேள்வியே கேக்கலையே!”

“சபதம்தான் பண்ணிட்டீங்களே” என்றாள்.

மாட்டிப் பார்த்தேன். அளவு கச்சிதம்.