டீம் ஏறியது டிவிஷன், அவர் ஏறியது பரண்

இருபத்திரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாகிவிட்டது. இனி முடியாது என்று பல்செட்டுக்காரர் முடிவு செய்தார்.

பல்செட்டுக்காரர் என்றால் விற்பவர் அல்ல, செய்பவர். பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு சின்ன அறையில், பிளாஸ்டர் அச்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பு செய்து கொடுப்பவர். அவர் முகத்தில்தான் சிரிப்பு கிடையாது. காரணம், ஊர் ஃபுட்பால் கிளப். சிவப்புச் சட்டை, மார்பில் தேள் படம். ஆனால் கொட்டத் தெரியாத தேள். எதிராளியின் கோல் போஸ்டைப் பார்த்ததும் சுருண்டுவிடும். இருபத்திரண்டு வருஷமாக இரண்டாவது டிவிஷன். மேலேயும் போகவில்லை, கீழேயும் விழவில்லை.

"பாதியில நின்ன லிஃப்ட் மாதிரிண்ணே" என்பான் பக்கத்து வீட்டு லிஃப்ட் மெக்கானிக். "கதவும் திறக்காது, குதிக்கவும் முடியாது."

இந்த வருஷம் புது கோச் வந்திருந்தார். முன்வரிசைக்கு இரண்டு புது ஆட்டக்காரர்கள். பல்செட்டுக்காரர் கிழக்கு கேலரியில், மெக்கானிக்குக்குப் பக்கத்து சீட்டுக்கு சீசன் டிக்கெட் வாங்கினார். நீலக் கவரில் போட்டு பீரோவில் சட்டைகளுக்கு அடியில் வைத்தார். பிறகு சாப்பாட்டு மேஜையில் பிரகடனம் செய்தார்.

"இந்த சீசன்ல ஒரு மேட்ச்கூட விடமாட்டேன். சனிக்கிழமை நாலு மணிக்கு வீடே இடிஞ்சு விழுந்தாலும் என்னைக் கூப்பிடக் கூடாது. ஆமா!"

அவர் மனைவி கணக்கு டீச்சர். கணக்கு போடாமல் வாயைத் திறப்பதில்லை.

"சரிங்க" என்றாள்.

முதல் சனிக்கிழமை வீடு இடியவில்லை. சிங்க் அடைத்துக்கொண்டது.

"எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. நீங்களே பார்த்துடுங்க" என்று டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவர் சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, நெஞ்சின் மேல் ரேடியோவை வைத்துக்கொண்டு, குழாயைத் திருகினார். குழாய் கழன்று முகத்தில் அழுக்குத் தண்ணீர் கொட்டிய அதே நொடியில் தேள்களும் கொட்டின. கோல்! அன்றைக்கு மூன்றுக்குப் பூஜ்யம்.

அடுத்த மேட்சுக்கு நேரில் போனார். பூஜ்யத்துக்கு இரண்டு. தோல்வி.

மூன்றாவது மேட்ச் வந்த அன்று காலை, டீச்சர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு நீங்க சிங்க் கழுவினப்பதானே ஜெயிச்சாங்க?"

"ஆமா. அதுக்கு?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"அடைச்ச சிங்குக்கும் அடிச்ச கோலுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒரு சம்பந்தமும் இல்லீங்க. போயிட்டு வாங்க. ஃபேன்ல தூசு ஒரு இஞ்ச் இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவர் வாசல் வரை போனார். செருப்பைப் போட்டார். கழற்றினார். ஸ்டூலை எடுத்துவந்து ஃபேனுக்குக் கீழே போட்டார். மூன்று இறக்கை துடைத்தார். இறக்கைக்கு ஒரு கோல் வீதம் மூன்று கோல்.

அன்றோடு அவர் மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறாமல் டீச்சருக்கு ஸ்பெஷல் கிளாஸ், அவருக்கு ஸ்பெஷல் வேலை. பாத்ரூம் டைல்ஸ் தேய்த்தார், இரண்டுக்கு ஒன்று. சமையலறை டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து லேபிள் ஒட்டினார், நாலுக்குப் பூஜ்யம். தேள்கள் பன்னிரண்டாவது இடத்திலிருந்து ஏழுக்கு வந்தன, ஏழிலிருந்து நாலுக்கு வந்தன. ஊரே கொண்டாடியது. அவருக்கு மட்டும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஒரு தடவை ஒன்றுக்கு ஒன்று டிரா ஆகிவிட்டது. அவருக்கு ஒரு நப்பாசை.

"பார்த்தியா? வேலை செஞ்சும் ஜெயிக்கல. எல்லாம் சும்மா!"

டீச்சர் ஜன்னலருகே போய் விரலால் கண்ணாடியைத் தடவிப் பார்த்தாள்.

"உள்பக்கம் மட்டும்தானே துடைச்சிருக்கீங்க? பாதி வேலைக்குப் பாதி ரிசல்ட்."

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

மதில் பக்கம் மெக்கானிக்கைப் பார்க்கும்போதெல்லாம் புலம்பினார். "என் சீட்டு காலியா கிடக்குதேடா!"

மெக்கானிக் ஏனோ வானத்தைப் பார்ப்பான். "காலியா... ம்... நீங்க அதை நினைக்காதீங்கண்ணே. இந்த வாரம் என்ன வேலை? ஷூ ஸ்டாண்டா? நல்லா அழுத்தித் தேய்ங்க. எதிர் டீம் ரொம்ப ஸ்ட்ராங்கு."

கடைசி மேட்ச் வந்தது. சொந்த ஊரில். ஜெயித்தால் முதல் டிவிஷன், இல்லையென்றால் இருபத்து மூன்றாவது வருஷம். டீச்சர் அந்த வாரத்துக்கு வைத்திருந்த வேலை பரண். கல்யாணமான நாளிலிருந்து யாரும் ஏறிப் பார்க்காத பரண்.

அன்று காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார் பல்செட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் மழையிலும் வெயிலிலும் அந்த கேலரியில் உட்கார்ந்து தோற்றவர். ஜெயிக்கிற அன்றைக்குப் பரணிலா இருப்பது? டீமாவது வேலையாவது! மனிதன் என்றால் ஒரு ரோஷம் வேண்டாமா?

ரோஷத்தை வெளியே காட்டவில்லை. "பரண்தானே? பளபளன்னு ஆக்கிடறேன்" என்றார். மூன்றரை மணிக்கு டீச்சர் ஸ்பெஷல் கிளாஸுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் அவள் திரும்பும் வரை காத்திருந்து, பீரோவிலிருந்து நீலக் கவரை உருவிப் பைக்குள் சொருகிக்கொண்டு சைக்கிளில் பறந்தார். பாதி வழியில் செயின் கழன்றது. மாட்டிக்கொண்டு மறுபடி பறந்தார்.

கிழக்கு கேட்டில் அவர் காலை ஊன்றியபோது மணி நாலு பத்து. உள்ளே சட்டென்று ஒரு நிசப்தம். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அந்த நிசப்தம் அவருக்குத் தெரியும். எதிராளி கோல் போட்டுவிட்டான்.

"டிக்கெட்?" என்றார் கேட்டில் நின்ற, இந்த சீசனில்தான் சேர்ந்த செக்கர்.

கவரை நீட்டினார். செக்கர் அதைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்து, படித்து, அவரைப் பார்த்து, மறுபடி படித்தார்.

"சார், இது டிக்கெட் இல்ல. 'பரணில் முதலில் இடது மூலை. பழைய பாயைத் தூக்கிப் போடவும்'னு எழுதியிருக்கு."

முத்து முத்தான கையெழுத்து. கரும்பலகைக் கையெழுத்து.

பல்செட்டுக்காரர் செக்கரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என் சீட்டு... மூணாவது வரிசை, பதினேழு..."

"பதினேழா? அது டீச்சரம்மா சீட்டாச்சே! முதல் மேட்ச்லேருந்து, ஒண்ணே ஒண்ணு தவிர எல்லாத்துக்கும் வர்றாங்களே. பக்கத்துல லிஃப்ட் மெக்கானிக்." செக்கர் சட்டென்று அவர் தோளைப் பிடித்தார். "ஒரு நிமிஷம். அப்போ நீங்கதான் அந்த பல்செட்டு சாரா?"

"எந்த பல்செட்டு சார்?"

"வீட்ல வேலை பார்த்தா டீம் ஜெயிக்குமே, அந்த சார்! கேலரி பூரா உங்க பேச்சுதான். ஐயோ, இங்க என்ன சார் பண்றீங்க? அதான் கோல் வாங்கிட்டோம்!" கைகூப்பிவிட்டார் மனிதர். "என் மாமனார் உள்ளே இருக்கார். ரெண்டு தடவை ஆபரேஷன் ஆன உடம்பு. இன்னொரு கோல் தாங்காது. தயவுசெஞ்சு பரணுக்குப் போங்க சார்!"

தான் ஏமாற்றப்பட்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. முழு சீசனும். சிங்க் முதல் ஷூ ஸ்டாண்ட் வரை. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரத்தம் கொதித்தது. ஆனால் டீம் பூஜ்யத்துக்கு ஒன்று என்று பின்னால் இருப்பதும் தெரிந்தது. கொதிக்கிற ரத்தமும் சிவப்புதான், டீம் சட்டையும் சிவப்புதான். அவர் சைக்கிளைத் திருப்பினார்.

பரணில் இடது மூலையை முடிக்கும்போது ரேடியோவில் ஒன்றுக்கு ஒன்று. பழைய பாயைத் தூக்கி எறிந்தார். தும்மினார். கரப்பான் ஒன்று சட்டைக்குள் போய் வெளியே வந்தது. கடைசி நிமிஷத்தில், வலது மூலையில் தவழ்ந்தபடி அவர் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டபோது, ரேடியோ வெடித்தது. இரண்டாவது கோல்! முதல் டிவிஷன்! அவர் பரணில் எழுந்து நின்று குதிக்கப் பார்த்து, இன்னொரு முறை இடித்துக்கொண்டார்.

ஆறரை மணிக்கு டீச்சர் வந்தாள். கழுத்தில் சிவப்பு மஃப்ளர். தொண்டை கட்டியிருந்தது.

"வா. ஸ்பெஷல் கிளாஸ் எப்படிப் போச்சு?"

அவள் அவர் தலையில் இருந்த ஒட்டடையைப் பார்த்தாள். செக்கர் சொல்லியிருக்க வேண்டும்.

"முதல் நாள் டிக்கெட் வீணாப் போகுதேன்னுதாங்க போனேன். அப்புறம் விட முடியல. அந்தக் கடைசி கோல் இருக்கே, இடது பக்கம் ரெண்டு பேரை வெட்டி, கோல்கீப்பர் கால் இடுக்குல... ஐயோ, நீங்க பார்த்திருக்கணும்!"

"நான்தான் பார்த்திருக்கணும்! நான் வாங்கின சீட்டு! நான் வேலை செஞ்சா ஜெயிக்கும்னு கதை கட்டினியே..."

"நான் எங்க சொன்னேன்? நான் கேள்விதான் கேட்டேன். விடை எழுதினது நீங்க."

"அடுத்த வருஷம் ஒவ்வொரு மேட்சுக்கும் நான்தான் போவேன். யார் தடுக்கிறாங்கன்னு பார்க்கறேன்!"

"தாராளமா போங்க."

இவ்வளவு சுலபமாகவா? அவர் சந்தேகப்படுவதற்குள் வாசலில் சத்தம். மெக்கானிக், அவன் பின்னால் கேட் செக்கர், செக்கரின் மாமனார், கேலரியில் பாதிப் பேர். நடுவே கிளப் செக்ரட்டரி, கையில் சிவப்புத் தாள் சுற்றிய நீளமான ஒரு பொருளோடு.

"ஐயா" என்றார் செக்ரட்டரி. "நீங்க மட்டும் இன்னிக்குத் திரும்பிப் போகலேன்னா... ஊர் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு. அடுத்த வருஷம் எல்லாம் பெரிய டீம். தயவுபண்ணி நீங்க ஸ்டேடியம் பக்கமே வந்துடக் கூடாது. இது பிளேயர்ஸ் எல்லாரும் சேர்ந்து உங்களுக்குக் கொடுத்தது."

தாளைப் பிரித்தார். நீண்ட கைப்பிடி போட்ட, தரை துடைக்கிற மாப். கைப்பிடி முழுக்க, மேலிருந்து கீழ் வரை, பதினோரு ஆட்டக்காரர்களின் கையெழுத்து. கோச் கையெழுத்துகூட.

அவருடைய டீம். அவருடைய தேள்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்தன்கூட அவருக்கு ஒரு கையெழுத்து போட்டுத் தந்ததில்லை. வாங்கினார். எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தார். ஊரே கைதட்டியது. என்ன முயன்றும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது, சொந்தப் பல் அத்தனையும் தெரிய.

டீச்சர் அவர் காதருகே குனிந்தாள்.

"கையெழுத்து அழிஞ்சிடப் போகுது. நாளைக்கு ஹாலைத் துடைக்கும்போது கொஞ்சம் மேலே பிடிச்சுத் துடைங்க."