ஆறுதலா எண்ணுங்கோ

எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று இருபத்தொன்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். மதுரைக்காரன். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்றாறு மதிப்பெண். (கடைசியில் வரும் அந்த ஆறை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) அந்த நம்பிக்கையை நியூசிலாந்தின் ஆக்லாந்தில், விமான நிலையத்தை ஒட்டிய மங்கரேயில், ஒரு கிழட்டு டீசல் லாரி ஒரே காலையில் வெள்ளைப் புகையாக வெளியே விட்டுவிட்டது.

லாரி பரமேஸ்வரி மாமியுடையது. அப்போது அவர் எனக்கு மாமி இல்லை, தர்ஷினியின் அம்மா. தர்ஷினியும் நானும் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே தமிழ்க் கல்யாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடுகிறவர். (நம்மூரில் மணமேடை.) அதிகம் பேசாமல், கண்ணாலேயே ஆளை அளந்துவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய டிரைவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மறுநாள் எப்சம் பக்கத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். நான் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நின்றேன்.

"நான் ஓட்டுறேங்க ஆன்ட்டி. மதுரையில நான் ஓட்டாத வண்டியா!"

(மதுரையில் நான் ஓட்டியது ஒரு மொபெட். அதுவும் தங்கச்சியோடது.)

அன்று மாலையே வீட்டு வாசலில் பாடம் நடந்தது. லாரிக்கு என்னைவிட வயது அதிகம். அந்தக் காலத்து டீசல் என்ஜின் குளிரில் சும்மா கிளம்பாது. உள்ளே குளோ பிளக் என்று நான்கு குச்சிகள் இருக்கின்றன, முதலில் அவை பழுக்கச் சூடேற வேண்டும். இப்போதைய வண்டிகளில் இதெல்லாம் தானாக நடந்துவிடும். மாமியின் லாரியில் அந்த ஏற்பாடு எப்போதோ செத்துப்போய், ஸ்டியரிங்குக்குக் கீழே காலிங்பெல் மாதிரி ஒரு பட்டன் வைத்திருந்தார்கள்.

"தம்பி, வடிவாக் கேளுங்கோ. இந்தப் பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு..."

அந்த நேரம் பார்த்துத் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. மங்கரேயில் விமானத்துக்காகப் பேச்சை நிறுத்தினால் நாள் முழுக்க ஊமையாகத்தான் இருக்க வேண்டும். மாமி நிறுத்தவில்லை. சத்தம் அடங்கியபோது என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"...ஆறுதலா எண்ணுங்கோ. பிறகுதான் திறப்பைத் திருப்ப வேணும். கனநேரம் அமத்தினா பிளக் எரிஞ்சுபோம். விளங்கிச்சோ?"

"புரிஞ்சுதுங்க ஆன்ட்டி."

எனக்குப் புரிந்தது: ஆறு. தலா ஆறு. ஒவ்வொரு தடவையும் ஆறு எண்ண வேண்டும், மீறினால் பிளக் எரிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை. ஜூலை மாதக் குளிர், புல் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. மாமியும் தர்ஷினியும் விடியுமுன்பே காரில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மணவறை முழுவதும் லாரிக்குள். பத்தேகாலுக்கு முகூர்த்தம், அதைப் பொருத்தி நிறுத்தவே ஒரு மணி நேரம் வேண்டும். நான் ஏழரைக்கு ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு. சாவியைத் திருப்பினேன்.

கிர்ர்ர், கிர்ர்ர். பின்னால் வெள்ளைப் புகை. அவ்வளவுதான்.

மறுபடி ஆறு. மறுபடி புகை. பிளக் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வொரு தடவையும் இன்னும் வேகமாக எண்ணினேன். பத்தாவது முறை என் ஆறு, கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மா, டோங்கா தீவுக்காரர், டிரெஸ்ஸிங் கவுனோடு வெளியே வந்து, "யூ ரைட், டியர்?" என்றார். நன்றாக இருப்பதாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே போய் டீயோடு வந்தார்.

போன் அடித்தது. தர்ஷினி.

"அம்மா கேக்கிறா, வெளிக்கிட்டாச்சோ எண்டு."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "வந்துட்டே இருக்கேன்." சொல்லி முடிக்கவும் மேலே ஒரு விமானம் உறுமிக்கொண்டு போகவும் சரியாக இருந்தது.

"ஓம், லொறிச் சத்தம் கேக்குது" என்று நிம்மதியாக வைத்துவிட்டாள்.

எட்டேகால் ஆயிற்று. கிர்ர்ர் என்றது இப்போது கிர்... கிர்... என்று இழுத்தது. பேட்டரி சாகிறது என்பது எனக்கே தெரிந்தது. யாரோ இரண்டு பேர் மணவறை இல்லாமல் நிற்கப்போகிறார்கள், அதற்குப் பிறகு எனக்கு எந்த மணவறையும் கிடையாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் மாமியே அழைத்தார்.

"தம்பி, எங்க நிக்கிறீங்கள்?"

"வீட்டு வாசல்லங்க ஆன்ட்டி. கிளம்பவே மாட்டேங்குது. நீங்க சொன்னபடி ஆறுதாங்க எண்ணுறேன்."

"ஆறோ? ஆர் சொன்னது ஆறெண்டு?"

"நீங்கதாங்க. ஆறு தலா எண்ணச் சொன்னீங்களே."

மறுமுனையிலிருந்து மிக நிதானமாகக் குரல் வந்தது.

"தம்பி, நான் சொன்னது இருவது மட்டும் எண்ணச் சொல்லி. ஆறுதலா எண்டா, அவசரப்படாமல், மெல்ல மெல்ல."

(என் ஊரில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. நாலு பிளக்குக்கும் தலா ஆறு என்று பெருக்கியிருந்தாலாவது இருபத்துநாலு வந்து வண்டி கிளம்பியிருக்கும். கணக்கிலும் நான் சுமார்தான்.)

"அழாதேங்கோ. அமத்துங்கோ, நான் எண்ணுறன். ஒண்டு... ரெண்டு..." எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் யாரையோ, "குத்துவிளக்கை இஞ்சால வையுங்கோ" என்றார். எனக்கு ஒவ்வொரு எண்ணும் ஒரு வாரம் மாதிரி போனது. "பத்தொம்பது... இருவது. இப்ப திருப்புங்கோ."

கிர்... கிர்... தட். தட் தட். தடதடதடதட!

வாசல் முழுக்கப் புகை. டோங்கா அம்மா கைதட்டினார். "கிளம்பிடுச்சு மாமி!" என்று கத்தினேன். ஆன்ட்டி எப்போது மாமி ஆனார் என்று எனக்கே தெரியாது.

மண்டபத்தில் லாரியை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இறக்கி, பொருத்தி, தாலி கட்டி முடியும்வரை அது வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை ஓமப் புகைக்கு முன்பே டீசல் புகையைப் பார்த்துவிட்டார். தர்ஷினி என் காதருகே வந்து, "நீ வெளிக்கிட்டது லொறியிலயோ, பிளேனிலயோ?" என்றாள்.

சாப்பாடு முடிந்து, இலையை மடித்துவிட்டு எழுந்த மாமி, மகளிடம் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்:

"சொல்லுறதைப் பிழையாத்தான் கேக்குது. ஆனாலும் கேக்குதெல்லோ. காணும். நாள் பாப்பம்." (காணும் என்றால் அங்கே போதும் என்று அர்த்தம். இதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

எங்கள் கல்யாணத்துக்கும் அதே லாரியில்தான் மணவறை வந்தது. நான் முதல் முடிச்சைப் போடக் குனிந்ததும் பின்னாலிருந்து மொத்தக் கூட்டமும், "தம்பி, ஆறுதலா!" என்று கத்தியது.

இப்போது ஆக்லாந்தின் மறுகோடியில், வெஸ்ட்கேட்டில் இருக்கிறோம். இங்கே பிறந்த மகள் எதைக் கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள். போன மாதம் அவளுக்குப் பிறந்தநாள். கோயிலில் ஒரு பெரியவர் குனிந்து, "என்ன வயசு பிள்ளைக்கு?" என்று கேட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், பாட்டியை ஒருமுறை பார்த்தாள். பிறகு சுத்தமான தமிழில் சொன்னாள்:

"ஆறுதலா."