செம்பட்டைக்கு ஆளுக்கொரு பங்கு

தொப்பியைப் போட்டால் குழந்தை அலறியது, கழற்றினால் சிரித்தது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து வந்து இறங்கி டாக்சியில் வந்துகொண்டிருந்தார்கள். அவள் போட்டாள்.

தொப்பிக்குள் செக்கச்செவேலென்று முடி. அவளுக்குக் கன்னங்கரேல். வெள்ளைக்காரக் கணவனுக்கும் கறுப்புதான்.

கல்யாணத்தின்போதே அம்மா முரண்டு பிடித்தாள். மதம், சொந்தபந்தம் எதையும் இழுக்கவில்லை. "அவனைக் கட்டினா பிள்ளை செம்பட்டையாப் பொறக்கும்டி" என்று ஒரே பல்லவி. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சும்மா விடுவாளா? கறுப்புதான் ஜெயிக்கும், பாடத்திலேயே இருக்கிறது என்று சவால் விட்டாள். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பேத்தி பிறந்த பிறகுதான் அம்மா மறுபடி போனை எடுத்தாள். அதையும் கெடுத்துக்கொள்ள இவளுக்குத் தெம்பில்லை.

பாடத்தின் மீதியைக் குழந்தை டாக்டர் சொன்னார். "கறுப்பு முந்திக்கும், செம்பட்டை பதுங்கிக் கிடக்கும். ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு பங்கு குடுத்தாத்தான் இப்படி வரும்."

"எங்க பக்கம் சான்ஸே இல்ல டாக்டர்."

டாக்டர் குழந்தையை எடை பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார்.

முதலில் கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினாள். பிள்ளைக்கு உடம்பில் ரத்தமே இல்லையே என்று அம்மா பதறினாள். பதற்றத்தைத் தணிக்க வீடியோவில் தொப்பியோடு காட்டினாள். தலையில் என்ன சொறியா என்று அம்மா டிக்கெட்டே போட்டுவிட்டாள். பழி என் குடும்பத்தின் மேல் விழட்டும் என்று கணவன் பெருந்தன்மையாகக் குளியலறைக்குள் போய்த் தன் முடிக்குச் சிவப்புச் சாயம் பூசினான். கேரட்டாக வெளியே வந்தான். காதுகளும் கேரட். புருவம் மட்டும் கறுப்பு.

அழைப்புமணி அடித்தது.

அம்மா மாப்பிள்ளையின் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். குழந்தையை வாங்கினாள். தொப்பியைக் கழற்றினாள். அப்படியே நின்றாள். பிறகு பிள்ளையோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

அவள் கதவருகே ஓடினாள். ஊரிலும் ஞாயிறு வந்தால் அம்மா இப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்வாள். யாரும் தட்டக் கூடாது. முதுகு தேய்க்க அப்பாவுக்கு மட்டும் அனுமதி. துவட்டுவதற்கும் கறுப்புத் துண்டுதான், அப்போதுதான் அழுக்கு தெரியாதாம்.

"அம்மா, கதவைத் திற. திட்டணும்னா என்னைத் திட்டு, பிள்ளையைக் குடு."

உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. விழுந்து விழுந்து சிரித்தாள். குழந்தையும் சேர்ந்துகொண்டது. திட்டியிருந்தால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்கமாட்டாள்.

அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஏதோ சுமை குறைந்தவர்போல் சோபாவில் சாய்ந்தார்.

"தட்டாதம்மா. உங்கம்மா தலையும் இதே செம்பட்டைதான். பின்பக்கம் அவ கைக்கு எட்டாததால இத்தனை வருஷமா நான்தான் கறுப்படிச்சு விடுறேன்."