ஜன்னல் ரூம்

சின்ன ரூமை விட்டுக்கொடுக்கறதில்லைன்னு லிஃப்ட் குழிக்குள்ள நின்னுக்கிட்டு முடிவு பண்ணினேன். நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். என் உறுதியான முடிவெல்லாம் தரைக்குக் கீழ எடுத்ததுதான். மேல வந்தா வீடு இருக்கு.

அந்த ரூம்லதான் என் ரெக்கார்ட் பிளேயரும் இசைத்தட்டு அலமாரியும் இருந்துச்சு. எல்லாம் பழைய ஹார்ட் ராக். வெறும் சத்தம்னு நினைச்சுடாதீங்க, மெட்டு இருக்கும். தோள் வரைக்கும் முடி வளர்த்த ஆம்பளைங்க, விட்டுட்டுப் போன பொண்ணை நினைச்சு, கிட்டாரைக் கட்டிக்கிட்டு அழுவாங்க. இந்தப் பாட்டுப் பைத்தியங்களுக்குன்னு போன்ல ஒரு குரூப் இருக்கு. சாயந்திரமானா 'இப்ப கேட்டுக்கிட்டிருக்கேன்'னு ஒவ்வொருத்தரும் போடணும். தட்டு சுத்திக்கிட்டிருக்கணும், அதோட அட்டை உறை பக்கத்துல சாஞ்சிருக்கணும், அதுதான் போட்டோ. கேக்காம படம் மட்டும் காட்டினவங்களையும், தட்டைப் பாழாக்கினவங்களையும், குரூப்பை நடத்தற தாடி அண்ணன் வெளியே தள்ளிடுவாரு. மேல்முறையீடு கிடையாது.

என் மனைவி ஜன்னல் திரை தைக்கறவ. இரும்பு மெஷின், சமையல்கட்டு மூலையில, பாத்திரம் கழுவற தொட்டிக்குப் பக்கத்துல.

"என்னங்க, இங்க வெளிச்சமே இல்ல. நூல் கோக்கறதுக்குள்ள கண்ணு போயிடுது. அந்த ரூம்ல ஜன்னல் இருக்கு."

"அங்க என் தட்டெல்லாம் இருக்கு."

"தட்டுக்கு எதுக்குங்க ஜன்னல்? வேடிக்கை பாக்குமா?"

என்கிட்ட ஒரு திட்டம் இருந்துச்சு. அவளையும் ரசிகை ஆக்கிடணும். பிடிச்சுப்போச்சுன்னா பிளேயரை நகர்த்த அவளுக்கே மனசு வராது.

என்கிட்ட இருக்கறதுலயே உசத்தியான நீல அட்டைத் தட்டைப் போட்டேன். கையில கத்திரிக்கோலோட வாசப்படியில நின்னு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டா.

"இந்த ஆளுக்கு என்ன கஷ்டம்?"

"அவ போயிட்டா."

"இப்படிக் கத்தினா எவ இருப்பா?" ஆனா நகரல. "நல்லாத்தாங்க இருக்கு. சும்மா உக்காந்து கேக்கத்தான் எனக்கு நேரமில்ல."

"மெஷினை இங்க வெச்சா தைச்சுக்கிட்டே கேக்கலாமே!"

இதைச் சொன்னது நான். மெஷினைத் தூக்கிட்டு வந்து ஜன்னலுக்கு நேரா வெச்சதும் நான். "இடுப்பு பத்திரம்ங்க"ன்னா. அந்த அக்கறையில நெகிழ்ந்துபோய் குரூப்லயும் சேர்த்துவிட்டேன்.

அவ மிதிக்க ஆரம்பிச்சதும் ரூமே அதிர்ந்துச்சு. பிளேயர் ஊசி குதிச்சுது. பாடறவரு ஒரே அழுகையைத் திரும்பத் திரும்ப அழுதாரு.

"ஐயையோ, தட்டு கீறிடுமே!" என்னைவிட அவதான் பதறினா. "இருங்க, உங்க அண்ணன்மாருங்களைக் கேப்போம்."

போட்டோவோட போட்டா. 'இப்ப கேட்டுக்கிட்டிருக்கேன், நீல அட்டை. மெஷின் ஓடினா ஊசி குதிக்குது. எதை நகர்த்தறது அண்ணா?'

நான் கவலைப்படல. எங்க ஆளுங்க. என்னை விட்டுக்கொடுப்பாங்களா?

"தங்கச்சி, உடனே பிளேயரை அங்கேர்ந்து எடும்மா!" இது தாடி அண்ணன்.

"ஜன்னல் வெயில்ல தட்டு வளைஞ்சுடும் அண்ணி. இத்தனை நாளா அங்கயா வெச்சிருந்தாரு?" இது என் உயிர் நண்பன்.

"கல்லு மேடை உத்தமம். அசையாது" இன்னொருத்தன்.

எல்லாத்தையும் சத்தமா படிச்சுட்டு, யோசிக்கற மாதிரி நெத்தியைத் தடவினா. "கல்லு மேடைக்கு எங்கங்க போறது? ஆங், சமையல்கட்டுல இருக்குல்ல?"

"எண்ணெய்ப் புகை?"

"மெஷின் இருந்த மூலைப் பக்கம் அது வராதுங்க. இத்தனை வருஷம் வெள்ளைத் துணி தைச்சிருக்கேன், ஒரு கறை பட்டிருக்கா?"

"வேணாம்."

"சரி விடுங்க. தட்டு பாழானாலும் பரவால்லன்னு நீங்க சொல்றதா போட்டுடறேன்." விரலைப் போன் மேல கொண்டுபோனா.

பிளேயரைத் தூக்கினேன். இசைத்தட்டு, கடைசில தட்டு கழுவற இடத்துக்கே வந்து சேந்துச்சு.

மூலையில நாற்காலிக்கு இடமில்ல. நின்னுதான் கேக்கறேன். "சும்மாத்தானே நிக்கறீங்க"ன்னு போற போக்குல ஒரு வார்த்தை சொன்னா. இப்ப முதல் பக்கம் ஓடறப்ப சட்டி பானை, ரெண்டாம் பக்கத்துக்கு டம்ளர்.

நேத்து சாயந்திரம் நீல அட்டையைத் தொட்டியோரம் சாய்ச்சு வெச்சு போட்டோ போட்டேன். எப்பவும் தாடி அண்ணன்தான் முதல்ல பதில் எழுதுவாரு. நேத்து ஜன்னல் ரூம் முந்திக்கிச்சு:

'அருமையான தட்டு. பின்னாடி இருக்கற டம்ளர்ல சோப்பு நுரை அப்படியே இருக்கு.'